கண்மாயில் விட்ட மீன் குஞ்சு யாருக்குச் சொந்தம்?

கேள்வி: மேலூர் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாயின் மீன்பாசிக் குத்தகையை (மீன் பிடிக்கும் உரிமையை) என் மச்சினன் 3 வருஷத்துக்கு ஏலம் எடுத்தார். ஒரு வருஷம் பார்த்துவிட்டு, மீதியை நீயே பார்த்துக்கொள் என்று 80 ஆயிரம் வாங்கிக்கொண்டார். எழுத்து எதுவும் இல்லை. கட்லா, ரோகு, கொஞ்சம் ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சும் விட்டேன். இப்போது மீனை வேறு வியாபாரிக்குப் பேசிவிட்டார். நான் விட்ட மீனை நானே பிடிக்கலாமா?

பதில்: பிடிக்காதீர்கள். "நான் விட்ட குஞ்சு" என்பது டீக்கடையில் எடுபடும், கோர்ட்டில் எடுபடாது. எது நீங்கள் விட்ட கட்லா, எது கால்வாய்த் தண்ணியோடு வந்தது என்று பிரிக்கவா முடியும்? மீன் பிடிக்கும் உரிமை யார் பேரில் இருக்கிறதோ அவர் வசம்தான் மீனும் இருப்பதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும், அதனால் ராத்திரி வலை இறக்கினால் திருட்டுப் புகார் உங்கள் மேல்தான் வரும்.

வாய்ப்பேச்சு போதாதா என்பீர்கள். ஒடிசாவின் சிலிகா ஏரியில் ஜமீனிடம் பணம் கட்டி, பத்திரம் இல்லாமல் மீன்பிடி உரிமை வாங்கியவர்கள், ஜமீன் அரசு கைக்குப் போனதும் சுப்ரீம் கோர்ட் வரை போனார்கள். ஆனந்த பெஹரா வழக்கு, 1955. மீன்பிடி உரிமை அசையாச் சொத்து, 100 ரூபாய்க்கு மேல் மதிப்பென்றால் பதிவுப் பத்திரம் வேண்டும் என்று சொல்லி, தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

சரி, கண்மாயை விடுங்கள், பணத்தைப் பிடியுங்கள். செல்லாத ஒப்பந்தத்தில் வாங்கியதைத் திருப்பித் தர ஒப்பந்தச் சட்டம் 65ஆம் பிரிவு சொல்கிறது, இலவசமாக இல்லாமல் நீங்கள் செய்த வேலையின் பலனை அவர் அனுபவித்தால் ஈடு கேட்க 70ஆம் பிரிவு இருக்கிறது. பணம் அனுப்பிய பேங்க் ஸ்டேட்மெண்டும் குஞ்சு வாங்கிய ரசீதும் இருந்தால் எடுத்து வையுங்கள். கெளுத்திச் செலவை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள். அதை வளர்க்கவே தடை, தடையை மீறியதை நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். (நம்ம அயிரையையும் கெண்டையையும் தின்று தீர்க்கிற மீனைப் போய் எதற்கு விட்டீர்களோ!)

அதற்கு முன் ஏல நிபந்தனை நகலை வாங்கிப் பாருங்கள். உள்குத்தகை கூடாது என்று இருந்தால் உங்கள் வழக்கு பலவீனம்தான், ஆனால் குத்தகையே ரத்தாகிவிடும் என்ற பயம் மச்சினனுக்கும் இருக்கும், அப்போது பேசி முடிப்பது சுலபம். வழக்குக்கு 3 வருஷம் அவகாசம் உண்டு. பணத்தைக் கேட்டு வக்கீல் நோட்டீஸை மட்டும் இந்த வாரமே அனுப்புங்கள், வியாபாரியிடம் காசு வாங்கி அவர் செலவழித்துவிட்டால் கோர்ட்டில் டிக்ரி (தீர்ப்பாணை) வாங்கியும் வசூல் பண்ண நாயாய் அலைய வேண்டும்.