குருகு எதற்குக் குறியீடு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிங்கப்பூரின் தோ பாயோவில் நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடிக் கவிதை வாசிக்கிறோம். சென்ற முறை கபிலரின் குறுந்தொகை 25ஆம் பாடலை எடுத்துக்கொண்டோம். தலைவன் யாருமறியாமல் தன்னைக் கூடிய நாளில் ஆரல் மீனைப் பார்த்து நின்ற குருகை, அதாவது நாரை போன்ற நீர்ப்பறவையை, தவிர அங்கே யாரும் இல்லை என்று தலைவி சொல்லும் பாடல். குருகு எதற்குக் குறியீடு என்று ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. குறியீடுகளையும் தொன்மங்களையும் விளக்கும் கையேடு உண்டா? நவீன கவிஞர்கள் வேண்டுமென்றே புரியாமல் எழுதுகிறார்களா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்வியை விட்டுவிடுவோம்; அது சலிப்பில் எழுவது, வாசிப்பில் எழுவதல்ல. தொன்மத்துக்கு மூலக்கதையே கையேடு. ராமனின் காலடி பட்டுக் கல்லிலிருந்து பெண்ணானவள் அகலிகை என்று அறியாதவருக்கு, புதுமைப்பித்தனின் 'சாபவிமோசன'த்தில், சீதையின் அக்கினிப் பரீட்சையைக் கேட்டபின் அகலிகை மீண்டும் கல்லாவதன் அதிர்ச்சி எட்டாது.

குருகுக்கு வருகிறேன், சில வாரங்களாக என் மனத்திலும் அதுதான் நிற்கிறது. ஒன்றும் தோன்றவில்லை என்று எழுதிய உங்கள் நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. உங்கள் கூட்டத்தில் ஒருவர்கூட அந்தப் பறவையைப் பார்க்கவில்லையே என்பதுதான் என் கோபம். கணக்கைப் போடாமலே புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடை தேடும் மாணவனின் பழக்கம் அது.

'தினைத்தாள் அன்ன சிறுபசுங்கால' என்கிறார் கபிலர். தினைப்புனம் காக்கும் பெண்ணின் கண்ணுக்கே பறவையின் கால் தினைத்தாளாகத் தெரியும். குறிஞ்சி நிலமும் அவள் வாழ்வும் அந்த ஓர் உவமைக்குள் வந்துவிடுகின்றன. மூக்கையோ இறகையோ சொல்லாமல் காலை மட்டும் அவள் நினைவுகூர்வதைக் கவனித்தீர்களா? நாணத்தால் தலைகுனிந்திருந்தவளின் பார்வை எட்டிய உயரம் அது என்றே நான் வாசிக்கிறேன். அடுத்தது ஆரல். மணலுக்குள் புதைந்துகொள்ளும் மீன் அது. ஓடும் நீரில் அதைத் தேடும் பறவையால் கண்ணை வேறெங்கும் திருப்ப முடியாது. கான்கிரீட் கால்வாயாக இருந்து 2012இல் மீண்டும் ஆறாக்கப்பட்ட காலாங் ஆற்றின் கரையில், பீஷான் பூங்காவில், இரைக்காகக் காத்து நிற்கும் நாரையைச் சற்று நேரம் பாருங்கள். நீரைத் தவிர வேறெதுவும் அதற்குப் பொருட்டாகத் தோன்றாது. அங்கே இருந்தும் தன்னைப் பார்க்காத, பார்த்திருந்தாலும் பேச இயலாத ஓர் உயிரைத் தவிரத் தனக்குச் சாட்சி இல்லை என்று அந்தப் பெண் உணரும் அச்சம், காலும் மீனும் நீருமாகிய இவற்றிலிருந்துதான் பிறக்கிறது. 'தான் அது பொய்ப்பின் யான் எவன் செய்கோ', அவன் அதைப் பொய்யாக்கினால் நான் என்ன செய்வேன், என்று அவள் கேட்பதன் கனமும் அப்போதுதான் நமக்குத் தெரிகிறது. தொல்காப்பியர் உள்ளுறையை, அதாவது பாடலுக்குள் மறைந்து நிற்கும் பொருளை, தெய்வம் நீங்கலான கருப்பொருள்களின்மேல், அந்தந்த நிலத்துக்குரிய உயிர்கள், பயிர்கள் போன்றவற்றின்மேல், நிறுத்தினார்; பறவையையும் மீனையும் பயிரையும் அறியாமல் அதற்குள் நுழைய வழியில்லை.

அடுத்த கூட்டத்திலும் இதே பாடலை எடுங்கள். முதல் அரைமணி நேரம் 'குறியீடு' என்ற சொல்லை யாரும் உச்சரிக்க வேண்டாம். ஆரல் எப்படிப்பட்ட மீன், தினைத்தாள் எவ்வளவு மெல்லியது, தலைவி எங்கே நின்றிருந்தாள் என்று மட்டும் பேசுங்கள். தயங்காமல் நீங்களே தொடங்கி வையுங்கள்.