பெர்மிட் கிடைத்துவிட்டது, போகலாமா?

அன்புள்ள ஐயா,

நாங்கள் நண்பர்கள் நால்வர், ஃபீனிக்ஸில் வேலை பார்க்கிறோம். ஒருநாள் நடைகள் நிறையப் போயிருக்கிறோம், மூட்டையைச் சுமந்துபோய் இரவு தங்கியதில்லை. யூட்டா, அரிசோனா எல்லையில் இருக்கும் பரியா கேன்யன் என்ற ஆற்றுப் பள்ளத்தாக்கில் மூன்று இரவு தங்க பெர்மிட் கிடைத்திருக்கிறது. ஏப்ரல், மே, அக்டோபர் எல்லாம் நிரம்பிவிட்டன, ஆகஸ்ட் இரண்டாம் வாரம்தான் காலியாக இருந்தது. வைட் ஹவுஸ் என்ற இடத்தில் தொடங்கி லீஸ் ஃபெர்ரியில் முடிக்க 38 மைல். அதை நான்கு நாளுக்குச் சமமாகப் பிரித்திருக்கிறோம். ஆற்றிலேயே நடப்பதால் தண்ணீருக்குக் கவலை இல்லை என்று நினைக்கிறோம். வேறு ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா? வீட்டில் பயப்படுகிறார்கள், அவர்களுக்கு என்ன சொல்வது?

கே., ஃபீனிக்ஸ்

அன்புள்ள கே.,

இந்தப் பெர்மிட்டை விட்டுவிடுங்கள். ஆகஸ்டில் போக வேண்டாம்.

ஆசையோடு எழுதியவரிடம் முதல் வரியிலேயே இப்படிச் சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆகஸ்டில் இடம் காலியாக இருந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை அந்தப் பக்கம் பருவமழைக் காலம். பிற்பகலில் இடிமழை கொட்டும். அதுவும் உங்கள் தலைக்கு மேல் கொட்ட வேண்டும் என்பதில்லை. பரியா ஆற்றின் நீர்ப்பிடிப்பு வடக்கே பிரைஸ் கேன்யன் வரை போகிறது. அங்கே பெய்வது, நீங்கள் வெயிலில் நடந்துகொண்டிருக்கும்போது சேறும் மரக்கட்டையுமாக வந்து சேரும். முதல் நாள் நடையில் இரு பக்கமும் செங்குத்துப் பாறையாக நெருங்கும் பகுதியில் ஏறித் தப்ப வழியே இல்லாத மைல்கள் இருக்கின்றன.

அந்த வட்டாரத்திலேயே நடந்ததுதான். 1997 ஆகஸ்ட் 12 அன்று பேஜ் ஊருக்குப் பக்கத்தில் ஆன்டலோப் கேன்யனில் 11 பேர் வெள்ளத்தில் இறந்தார்கள். மழை பெய்தது பல மைல் தள்ளி. 2015 செப்டம்பர் 14 அன்று சயான் பூங்காவின் கீஹோல் கேன்யனில் ஏழு பேர் இறந்தார்கள். அவர்கள் கையில் பெர்மிட் இருந்தது. வெள்ளம் வரலாம் என்று அன்று காலை அவர்களிடம் சொல்லியும் இருந்தார்கள். பரியாவில் இரவு தங்க ஒரு நாளைக்கு 20 பேரைத்தான் உள்ளே விடுகிறார்கள். கூட்டத்தால் கேன்யன் கெடாமல் இருக்க அந்தக் கணக்கு. வானிலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அரிதாகக் கிடைத்த தேதி கையில் இருக்கும்போது, வானத்தைப் பார்த்துத் திரும்பி வர மனசு வராது. ஆகவே பிறகு எந்த மாதம் போனாலும், எந்த முன்னறிவிப்பு வந்தால் திரும்புவது என்று நால்வரும் வீட்டிலேயே முடிவு செய்து எழுதி வையுங்கள். பேஜ் ஊர் வானிலை மட்டும் போதாது, பிரைஸ் பக்கம் என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். வைட் ஹவுஸிலிருந்து கீழ்நோக்கி நடப்பது நல்ல முடிவு. முன்னறிவிப்பு புதிதாக இருக்கும் முதல் நாளிலேயே குறுகலைத் தாண்டிவிடலாம்.

அடுத்து தண்ணீர். மைலைச் சமமாகப் பிரித்தது சரிவராது, ஊற்றுகளை வைத்துப் பிரிக்க வேண்டும். ஆற்று நீர் சேற்றுக் குழம்பு. வடிகட்டி சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். ஒரு மடக்கு வாளியில் ராத்திரி முழுக்கத் தெளியவைத்தால் அவசரத்துக்கு ஆகும், அவ்வளவுதான். நம்பிக்கையான முதல் ஊற்று பிக் ஸ்பிரிங், ஏறக்குறைய 12-வது மைலில். விடியலில் கிளம்பினால் அங்கே போய்விடலாம். ஆனால் ஆற்றைத் திரும்பத் திரும்பக் கடந்துகொண்டே மூட்டையோடு நடப்பது, நீங்கள் பழகிய நடை இல்லை. முடியாவிட்டால் பக்ஸ்கின் என்ற கிளைக் கேன்யன் வந்து சேரும் இடத்துக்கு அருகே, ஏழாவது மைல் போல, உயரமான மேட்டில் தங்கலாம். அந்த இரவுக்கான தண்ணீரைத் தொடக்கத்திலிருந்தே சுமந்து வந்திருக்க வேண்டும். கடைசி ஊற்று 25-வது மைல் அருகில். அதற்குப் பிறகு லீஸ் ஃபெர்ரி வரை கேன்யன் அகன்று வெயில் நேராக விழும், நம்பகமான ஊற்று கிடையாது. ஆளுக்கு ஐந்து லிட்டர் நிரப்பிக்கொள்ளுங்கள். ஐந்து கிலோ கூடுதல் சுமை என்பதால் அன்று விடியும் முன்பே நடக்கத் தொடங்குங்கள். அப்புறம், வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தால் உடம்பில் சோடியம் குறைந்து அதுவும் உயிருக்கு ஆபத்தாகும். உப்புக் கடலை, ஊறுகாய் சாதம் மாதிரி உப்புள்ளதைச் சாப்பிட்டுக்கொண்டே நடங்கள்.

மலத்தைப் பையில் கட்டி வெளியே கொண்டுவர வேண்டும் என்பது அங்கே விதி. நெருப்பு மூட்டக் கூடாது. இவற்றில் தயங்க ஒன்றுமில்லை.

வீட்டில் பயப்படுகிறவர்களிடம் தைரியம் சொல்வதைவிட ஒரு தாள் கொடுங்கள். எந்த இரவு எங்கே தங்குகிறீர்கள், கார் எங்கே நிற்கிறது, எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று அதில் இருக்கட்டும். நீங்கள் தொடங்குவது யூட்டாவின் கேன் கவுன்ட்டியில், முடிப்பது அரிசோனாவின் கோகோனினோ கவுன்ட்டியில். இரண்டு ஷெரீஃப் அலுவலக எண்களையும் எழுதிக் கொடுங்கள். கோடையில் யூட்டா கடிகாரம் அரிசோனாவைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும், எந்த ஊர் நேரம் என்று குறிப்பிடுங்கள். உள்ளே செல்ஃபோன் எடுக்காது. சாட்டிலைட் மெசஞ்சர் ஒன்று வாடகைக்காவது எடுங்கள். குறுகலான இடத்தில் அதற்கும் வானம் போதாது என்பதால், ஒரு வேளை செய்தி வராததற்கே பதற வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே சூப்பர்ஸ்டிஷன் மலைகள் இருக்கின்றன. நவம்பரில் அங்கே ஒரு இரவு தங்கிப் பாருங்கள். மூட்டை எவ்வளவு கனக்கிறது, ஒரு ஆளுக்கு எவ்வளவு தண்ணீர் ஆகிறது என்று உங்கள் கணக்கே கையில் கிடைக்கும். பிறகு ஏப்ரல் தேதிக்கு முயற்சி செய்யுங்கள். ஊற்றுகளை வைத்துப் புதிதாகப் போட்ட திட்டத்தை எனக்கு அனுப்பினால் கட்டாயம் பார்த்துச் சொல்கிறேன்.