ஸ்கேன் நார்மல், ஆனால் தலைவலி விடவில்லை

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 34. ஐந்து வாரத்துக்கு முன் கீழே கிடந்த ஒரு பொருளை எடுத்துவிட்டு நிமிரும்போது திறந்திருந்த அலமாரிக் கதவில் தலை பலமாக இடித்துவிட்டது. மயக்கமோ ரத்தமோ இல்லை, கொஞ்சம் வீங்கியது, அவ்வளவுதான். மறுநாள் தலைவலியும் கிறுகிறுப்பும் இருந்ததால் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள், நார்மல். ஆனால் இன்னமும் பின்னந்தலையில் வலிக்கிறது, மாலையானால் கூடுகிறது. உள்ளே மெதுவாக ரத்தம் கசிகிறதோ என்ற பயத்தில் நடுராத்திரி எழுந்து கண்ணாடியில் கண்மணிகள் சமமாக இருக்கின்றனவா என்று பார்க்கிறேன். இன்னொரு ஸ்கேன் எடுக்கலாமா?

பதில்: முதலில் அந்தக் கண்ணாடி விஷயம். கண்மணி விரியும் அளவுக்கு மூளைக்குள் அழுத்தம் ஏறிய ஒருவர், எழுந்து நடந்துபோய் டார்ச் அடித்துப் பார்க்கும் தெளிவோடு பெரும்பாலும் இருக்க மாட்டார். தவிர, நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களிலேயே ஏறக்குறைய 5 பேரில் ஒருவருக்கு இரண்டு கண்மணிகளும் துளி வித்தியாசமாகத்தான் இருக்கும். தேடித் தேடிப் பார்த்தால் ஒருநாள் கண்ணில் படும், அன்று நீங்கள் தூங்கவே மாட்டீர்கள். அதனால் இன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

சரி, ஸ்கேன் நார்மல் என்றால் வலி ஏன்? சி.டி. காட்டுவது ரத்தக்கசிவு, எலும்பு முறிவு, வீக்கம் மாதிரி கண்ணுக்குத் தெரிகிற மாற்றங்களை. அடிபட்ட அதிர்ச்சியில் மூளை செல்களின் உப்புச் சமநிலையும் சக்திச் செலவும் கொஞ்ச நாளைக்குத் தடுமாறுவது அதில் தெரியாது. கன்கஷன் என்று நாங்கள் சொல்வது இதைத்தான், மயக்கம் போட்டால்தான் கன்கஷன் என்பதும் இல்லை. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும், சிலருக்கு இரண்டு மூன்று மாதம்கூட இழுக்கும். அப்புறம், மூளைக்கு வலி உணர்வே கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. வலிப்பது அதன் உறைகள், ரத்தக்குழாய்கள், தலையின் மேல்தோல், கழுத்துத் தசைகள். தலை இடிக்கும் அந்த நொடியில் கழுத்தும்தான் வெட்டி இழுபடுகிறது. மாலையில் கூடுகிற பின்னந்தலை வலி என்றதும் எனக்கு முதலில் கழுத்தின் மேல்தான் சந்தேகம் வருகிறது. தலையை இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள், ஒரு பக்கம் பிடித்து இழுத்து அதே வலி கிளம்பினால் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள், பிசியோதெரபி நன்றாகவே உதவும்.

உங்கள் பயம் அடியோடு ஆதாரம் இல்லாதது என்று சொல்ல மாட்டேன். வாரக்கணக்கில் மெதுவாகச் சேரும் ரத்தக்கசிவு என்று ஒன்று உண்டு. அது பெரும்பாலும் வயதானவர்களுக்கும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும், நிறையக் குடிப்பவர்களுக்கும் வருவது. நீங்கள் அப்படி ஏதாவது மாத்திரை எடுப்பவராக இருந்தால் இந்தப் பதிலை ஒதுக்கிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இல்லையென்றால், கூடிக் குறைகிற வலிக்காக மட்டும் மறுபடி ஸ்கேன் தேவைப்படுவது அபூர்வம். எடுத்தாலும் நிம்மதி நாலு நாள்தான் நிற்கும், அதன்பின் 'ஒருவேளை இப்போது கசிந்தால்?' என்று மனசு கேட்கும்.

ஆனால் வலி நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி வந்தாலோ, எழுப்பினாலும் தெளியாத தூக்கம், பேச்சுக் குழறல், குழப்பம், ஒரு பக்கக் கை கால் பலவீனம், வலிப்பு இவற்றில் எது வந்தாலும் நேரே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள், காலைவரை காத்திருக்க வேண்டாம்.

ஒன்று கேட்கிறேன், வலி மாத்திரை எத்தனை நாள் போடுகிறீர்கள்? பாராசிட்டமால் மாதிரி சாதாரண மாத்திரையையே மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ போட்டு, அது சில மாதங்கள் தொடர்ந்தால், மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். வலி போக வேண்டும் என்று போட்டது வலியை இழுத்துப் பிடித்து வைக்கும், நிறையப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. முழு ஓய்வும் முதல் ஓரிரு நாளைக்குத்தான். ஐந்து வாரம் கழித்தும் இருட்டறையில் படுத்திருந்தால் உடம்பு சோரும், தூக்கம் கெடும், கவனமெல்லாம் தலைக்குள்ளேயே போய் நிற்கும். வலி கொஞ்சம் இருந்தாலும் தினமும் 20 நிமிடம் நடங்கள், வலி நன்றாகக் கூடினால் அன்றைக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். தூங்கும் நேரம், விழிக்கும் நேரம் இரண்டும் மாறாமல் இருக்கட்டும்.

அடிபட்ட இடத்தை விரலால் அழுத்தி 'இன்னும் வலிக்கிறதா' என்று பார்ப்பதும் வேண்டாம். நாளைக்குப் பத்துமுறை அழுத்தினால் எந்த இடமும் வலிக்கும்.

இரண்டு வாரத்துக்கு ஒரு தாளில் தினமும் இரவு ஒரே ஒருமுறை எழுதுங்கள்: வலி பத்துக்கு எத்தனை, எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், மாத்திரை போட்டீர்களா. எண் இறங்குகிறது என்றால் பொறுத்திருக்கலாம். இறங்கவே இல்லை, அல்லது அடிபட்டு மூன்று மாதம் ஆகிவிட்டது, அல்லது பயம் உங்கள் வேலையையும் தூக்கத்தையும் தின்கிறது என்றால் அந்தத் தாளோடு நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். கண்ணாடி பார்ப்பதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், பதற்றத்துக்கும் சேர்த்தே அவர் வழி செய்வார்.