வாசகர் கேள்வி-பதில்: 40 கிலோமீட்டர் உயரத்தில் யார் கணக்கு சரி?

கேள்வி: தரை சூடாகும்போது மேலே ஸ்ட்ராடோஸ்பியர் (சுமார் 15 முதல் 50 கிலோமீட்டர் வரை உள்ள காற்றடுக்கு) குளிர்கிறது என்று படித்தேன். எவ்வளவு குளிர்ந்தது என்று தேடினால் ஒரு தரவுத் தொகுப்பில் ஒரு எண், இன்னொன்றில் வேறு எண். அப்படியானால் எதை நம்புவது?
- கல்லூரி ஆசிரியர், நாகர்கோவில்

பதில்: குளிர்ந்தது என்பதில் சந்தேகமே வேண்டாம், எல்லாத் தொகுப்பும் அதைத்தான் சொல்கின்றன. சண்டை எவ்வளவு என்பதில்தான். வானிலை பலூன்கள் பெரும்பாலும் 30 கிலோமீட்டரைத் தாண்டுவதற்குள் வெடித்துவிடும், அதற்கு மேலே 1979 முதல் 2006 வரை உலகம் முழுமைக்கும் நம்மிடம் இருக்கும் முக்கிய ஆதாரம், அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள்களில் பறந்த எஸ்எஸ்யு என்ற பிரிட்டிஷ் கருவி. அதற்குள் கார்பன் டை ஆக்சைடு அடைத்த சிறு குப்பி ஒன்று உண்டு. குப்பியின் அழுத்தத்தைப் பொறுத்துத்தான் கருவி எந்த உயரத்தைப் பார்க்கிறது என்பது முடிவாகும். அந்தக் குப்பிகள் மெல்ல மெல்லக் கசிந்தன! அழுத்தம் குறையக் குறைய கருவி இன்னும் மேலே பார்க்க ஆரம்பித்தது, ஸ்ட்ராடோஸ்பியரில் மேலே போகப் போக வெப்பம் கூடும், ஆகவே உண்மையில் நடக்காத ஒரு சூடேற்றம் தரவில் புகுந்து உண்மையான குளிர்ச்சியை மறைத்தது. போதாததற்குச் செயற்கைக்கோள்களின் சுற்றுப்பாதை நகர்ந்து, ஓர் இடத்தைக் கடக்கும் நேரமும் மாறிக்கொண்டே இருந்தது, நாளின் நேரத்தைப் பொறுத்து வெப்பநிலை வேறுபடுமே!

இதையெல்லாம் திருத்தி, பல செயற்கைக்கோள்களின் பதிவுகளை ஒன்றாக ஒட்ட வேண்டும். பிரிட்டனின் வானிலைத் துறையான மெட் ஆபீஸ் ஒரு விதமாக ஒட்டியது, அமெரிக்காவின் கடல், வளிமண்டல நிறுவனமான நோவா வேறு விதமாக ஒட்டியது. 2012இல் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, நோவா கணக்கில் நடு ஸ்ட்ராடோஸ்பியரின் குளிர்ச்சி மற்றதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு! அதை மறைக்காமல் 'நேச்சர்' இதழிலேயே வெளியிட்டார்கள், அப்புறம் இரு தரப்பும் தங்கள் திருத்தங்களை மறுபடி பிரித்துப் பார்த்தன, 2014, 2015இல் வந்த புதிய பதிப்புகள் ஒன்றையொன்று நன்றாக நெருங்கிவிட்டன. ஒரே கணக்கு மட்டும் இருந்திருந்தால் பிழை இருப்பதே யாருக்கும் தெரிந்திருக்காது.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் உண்டு. பூமி சூடாவதற்குச் சூரியன்தான் காரணம் என்றால் மேலேயும் சூடாக வேண்டும். கீழே சூடு, மேலே குளிர் என்பது கார்பன் டை ஆக்சைடின் கைரேகை. மேல் ஸ்ட்ராடோஸ்பியர் குளிர்வதில் ஓசோன் இழப்புக்கும் பங்கு உண்டு, எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க வேண்டுமானால் எண் சரியாக இருந்தாக வேண்டும்.

கேள்வி: எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்கு ஈரா5 (பழைய அளவுகளையும் கணினி மாதிரியையும் கலந்து ஐரோப்பிய வானிலை மையம் உருவாக்கிய தொகுப்பு) தரவை மட்டும் எடுத்து 1980 முதல் போக்கு வரையலாமா?
- மாணவி, கோவை

பதில்: வரையாதீர்கள், குறைந்தது இரண்டு தொகுப்புகளை எடுங்கள். ஈரா5இல் 2000 முதல் 2006 வரை கீழ் ஸ்ட்ராடோஸ்பியர் அளவுக்கு மீறிக் குளிராக இருந்தது, அந்த ஆண்டுகளுக்காகவே ஈரா5.1 என்று தனியாக வெளியிட்டார்கள், அதைப் பயன்படுத்துங்கள். நாசாவின் இதே வகைத் தொகுப்பான மெர்ரா-2வில் 2004க்குப் பிறகு மேல்பகுதியில் ஆரா செயற்கைக்கோளின் எம்எல்எஸ் என்ற நுண்ணலைக் கருவியின் அளவுகள் சேர்கின்றன, முன்னும் பின்னும் ஒப்பிடும்போது அதை மனதில் வையுங்கள். 1998இல் செயற்கைக்கோள்களில் ஆம்சு என்ற புதிய நுண்ணலைக் கருவிகள் வந்தபோதும் பல தொகுப்புகளில் ஒரு குதிப்பு தெரியும், அதைப் பருவநிலை மாற்றம் என்று எழுதிவிடாதீர்கள். பூமத்திய ரேகைக்கு மேலே ஸ்ட்ராடோஸ்பியரில் வீசும் காற்று உங்கள் தலைப்பில் வந்தால் சிங்கப்பூர் பலூன் அளவுகளோடு கட்டாயம் ஒப்பிடுங்கள், சுமார் 28 மாதச் சுழற்சியில் கிழக்கும் மேற்குமாகத் திசை மாறும் அந்தக் காற்றின் வேகத்தைப் பழைய தொகுப்புகள் பலவும் குறைத்தே காட்டின.

கேள்வி: நம் பக்கத்தில் இந்த உயரத்தை அளக்கிறார்களா?
- வாசகர், வேலூர்

பதில்: உங்களுக்குப் பக்கத்திலேயே! திருப்பதி அருகே காதங்கியில் 1998 முதல் லைடார் இருக்கிறது, இரவில் லேசர் கதிரை மேலே அனுப்பி, சிதறித் திரும்பும் ஒளியை வைத்து சுமார் 30 முதல் 80 கிலோமீட்டர் வரை வெப்பநிலையைக் கணிக்கிறார்கள். மேகம் இருந்தால் வேலை நடக்காது. அதற்கும் முன்பு, 1970களிலும் 80களிலும், திருவனந்தபுரம் அருகே உள்ள தும்பா ஏவுதளத்திலிருந்து சோவியத் எம்-100 ராக்கெட்டுகள் வாராவாரம் மேலே போய் அளந்து வந்தன. செயற்கைக்கோள் கணக்கைச் சரிபார்க்க அந்தப் பழைய பதிவுகள் இன்றும் தேவைப்படுகின்றன.