அடுப்படியிலேயே பேசுங்கள், அக்கா

அக்கா, ஸ்தோத்திரம். கேக், முறுக்கு, பிள்ளைகளுக்குத் துணி, கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடி வீடு வீடாகக் கேரல் ரவுண்ட்ஸ் வருகிறவர்களுக்குக் காபி என்று ஓடி, ஜெபிக்க உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறேன், ஆண்டவர் தூரமாகிவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள்.

வேதத்தில் லூக்கா 2:8 பாருங்கள். மேய்ப்பர்கள் ஆலயத்தில் இல்லை, ராத்திரி மந்தை காக்கும் வேலையில் இருந்தார்கள். இயேசு பிறந்த செய்தியோடு தேவதூதன் அங்கேதான் வந்தான்.

அம்மா இறந்த வருடம் எனக்கும் டிசம்பர் இப்படித்தான் கனத்தது. கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனைக்குக் கிளம்புமுன், பால் பொங்கக் காத்து நின்றபோது, “ஆண்டவரே, களைத்துப்போனேன்” என்று மட்டும் சொன்னேன். அழுகை வந்தது. பக்கத்தில் அவர் நிற்கிறார் என்று நிச்சயமாகத் தெரிந்தது.

நீங்களும் அடுப்படியிலேயே பேசுங்கள், அக்கா. முறுக்கை இந்த வருடம் கடையில் வாங்கிவிடுங்கள். 24ஆம் தேதி சீக்கிரம் படுங்கள்.