ஹார்லிக்ஸ் பாட்டில் கல்லா

கேள்வி: எனக்கு 38 வயது. இட்லிக் கடையில் தினமும் 2,000 ரூபாய்க்கு வியாபாரம். ஆனாலும் மாசக் கடைசியில் கைமாற்று வாங்குகிறேனே, ஏன்?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: என் அம்மாவும் இட்லிக் கடைதான் நடத்தினார். கல்லா, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். உளுந்துக்கும் அதில்தான் காசு, என் பஸ்ஸுக்கும் அதில்தான். லாபம் எவ்வளவு என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. 2,000 என்பது வியாபாரம். சரக்கு, கேஸ், வாடகை போக மிஞ்சுவதுதான் வருமானம். அதிலும் நாலு மணிக்கு எழுந்து அடுப்பு பற்றவைக்கிற உங்கள் கூலியை நீங்கள் கணக்கில் எழுதியிருக்க மாட்டீர்கள். எழுதுங்கள். இன்னொரு பாட்டில் வையுங்கள். கடை சாத்தும்போதே நாளைய சரக்குக் காசை அதில் போட்டுவிடுங்கள். பிள்ளை கேட்டாலும் தொடாதீர்கள். அப்புறம், 40 வயதாவதற்குள் வங்கியில் அடல் பென்ஷன் திட்டத்தில் சேர்ந்துவிடுங்கள். 60 வயதுக்குப் பிறகு, கட்டும் தொகையைப் பொறுத்து மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை வரும்.