கேள்வி-பதில்: மூன்று லட்சம் வரிகள், எத்தனை வாடிக்கையாளர்கள்?

எங்கள் ஜவுளிக் கடைக்கு ஐந்து கிளைகள். வாடிக்கையாளர் பட்டியல் மூன்று லட்சம் வரிகள். ‘பிக் டேட்டா’ மென்பொருள் வாங்கியே ஆக வேண்டும் என்கிறார் ஒரு விற்பனையாளர். தேவையா?
– வாசகர், ஈரோடு

தேவையில்லை. ஒரு எக்செல் தாளே 10,48,576 வரிகள் கொள்ளும். ‘பிக் டேட்டா’ என்பது சாதாரண மென்பொருளுக்கு அடங்காத பெருந்தரவு; அதற்கு வரிகளின் எண்ணிக்கை மட்டும் அளவுகோல் இல்லை. தரவின் அளவு, அது வந்து குவியும் வேகம், அதன் வகைகள் என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார் தரவுத் துறை ஆய்வாளர் டக் லேனி, 2001-இல். ஒரே கணினியில் சமாளிக்க முடியாமல் பல கணினிகளுக்கு வேலையைப் பங்கிடும் நிலை வந்தால்தான் அந்தச் செலவுக்கு அர்த்தம் உண்டு. உங்களுக்கு மைஎஸ்க்யூஎல் அல்லது போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் போதும்; இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஆனால் எக்செலிலேயே காலம் தள்ள வேண்டாம். இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை, 2020-இல் கொரோனா பரிசோதனை முடிவுகளைப் பழைய எக்செல் வடிவக் கோப்பில் ஏற்றியது. அதன் எல்லை 65,536 வரிகள். அதற்கு மேல் வந்தவை சத்தமில்லாமல் விடுபட்டன. ஏறக்குறைய ஒரு வாரத்தில் 15,841 தொற்றுகள் கணக்கில் வரவில்லை.

ஒரே ஆள் நான்கு பெயரில் இருக்கிறார். மற்ற மூன்றையும் அழித்துவிடலாமா?
– வாசகி, மதுரை

அழிக்கவே கூடாது, இணைக்க வேண்டும். முதலில் பட்டியலுக்கு ஒரு நகல் எடுங்கள். கைபேசி எண்ணில் இடைவெளி, +91, முன்னால் உள்ள 0 ஆகியவற்றை நீக்குங்கள். மிஞ்சுவது 6, 7, 8, 9-இல் ஒன்றில் தொடங்கும் பத்து இலக்கமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த வரியைத் தனியே ஒதுக்குங்கள்.

எண் ஒன்று என்பதற்காக ஆளும் ஒன்றாகிவிடாது. மாமியாரும் மருமகளும் ஒரே எண்ணைக் கொடுத்திருப்பார்கள். பெயரையும் பார்க்கத்தான் வேண்டும், அங்கேதான் உண்மையான தலைவலி. இனிஷியல் ஒருவருக்கு முன்னால், ஒருவருக்குப் பின்னால். அதை முதலில் பிரித்துத் தனிப் பத்தியில் வையுங்கள். எழுத்து வேறானாலும் ஒலி ஒன்றான பெயர்களைக் கண்டுபிடிக்கப் பல மென்பொருள்களில் இருக்கும் சவுண்டெக்ஸ் என்ற முறை, ஆங்கிலப் பெயர்களுக்காக உருவானது. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்வதால், ‘ஜி’ போட்டு எழுதிய கௌரியும் ‘கே’ போட்டு எழுதிய கௌரியும் அதற்கு வேறு வேறு ஆட்கள். ழகரத்தை ‘இசட்-எச்’ என்று எழுதிய எழிலும் ‘எல்’ என்று எழுதிய எழிலும் ஒட்டாது. நம் பெயர்களுக்கு நாமே மாற்று எழுத்துகளின் பட்டியல் போட்டுக்கொள்வதுதான் வழி.

எண்ணும் பெயரும் பொருந்தினால் இணைக்கலாம். எண் மட்டும் பொருந்தினால் ஒருவர் கண்ணால் பார்த்து முடிவு செய்யட்டும். பெயர் மட்டும் பொருந்தினால் விட்டுவிடுங்கள். பழைய வாடிக்கையாளர் எண் எந்தப் புதிய எண்ணுக்குப் போனது என்று ஓர் அட்டவணை இருந்தால், பழைய பில்கள் அநாதையாகாது, தவறாக இணைத்ததைப் பிரிக்கவும் முடியும். இரட்டைப் பதிவால் ஒரு குறுஞ்செய்தி வீணாகும், அவ்வளவுதான். தவறான இணைப்பில் ஒருவர் சேர்த்த பாயின்ட் இன்னொருவருக்குப் போய்விடும்.

சிஎஸ்வி கோப்பை எக்செலில் திறந்தாலே எண்கள் மாறிவிடுகின்றன. ஏன்?
– வாசகர், திருச்சி

சிஎஸ்வி என்பது பத்திகளைக் காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு. அதில் எண் போலத் தெரிவதையெல்லாம் எக்செல் எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். முன்னால் உள்ள 0 போய்விடும். 15 இலக்கத்துக்கு மேல் நினைவில் வைக்காது என்பதால், 16 இலக்க உறுப்பினர் அட்டையின் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். அப்படியே சேமித்தால் மீட்க வழியில்லை.

தேதி இன்னும் மோசம். கணினி அமெரிக்க அமைப்பில் இருந்தால் 03/04/2024 மார்ச் 4 ஆகிவிடும். 13/04/2024 மட்டும் எழுத்தாகவே நிற்கும். பாதி சரியாகத் தெரிவதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்காமல், ‘டேட்டா’ பட்டியலில் உள்ள இறக்குமதி வழியாகக் கொண்டுவந்து, அந்தப் பத்திகளை ‘டெக்ஸ்ட்’ என்று குறியுங்கள். தேதியை 2024-04-13 என்ற வரிசையில் எழுதினால் குழப்பம் இராது.

பிறந்த தேதி, மின்னஞ்சல் எல்லாம் கட்டாயம் என்று வைத்துவிட்டோம். தரம் கூடுமா?
– வாசகர், கோவை

பெரும்பாலும் குறையும். பில் போட வரிசை நிற்கும்போது கேஷியர் 01-01-1990 என்று தட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார். பிறந்த தேதிப் பத்தியில் அதிகம் வரும் பத்துத் தேதிகளை எண்ணிப் பாருங்கள், தெரிந்துவிடும். கைபேசி எண்ணை மட்டும் கட்டாயமாக்கி, மற்றவற்றுக்கு ‘சொல்லவில்லை’ என்று ஒரு பொத்தான் வையுங்கள்.